அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஏன் எந்த விதியும் நிற்பதில்லை?

2025ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டிலிருந்து வந்த செய்திகள் பலரையும் குழப்பியிருக்கும். ‘ஓல் மிஸ்’ எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழக ஃபுட்பால் அணி, சாம்பியனைத் தீர்மானிக்கும் தேசிய பிளேஆஃப் சுற்றுக்குள் முதல்முறையாக நுழையும் நேரம். அப்போது பார்த்து அதன் தலைமைப் பயிற்சியாளர் லேன் கிஃபின், எதிரணியான லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு (எல்.எஸ்.யு.) கிளம்பிப் போனார். ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி டாலர் சம்பளம். அதற்கு இரண்டு வாரம் கழித்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லி அணியிலிருந்து இண்டியானாவுக்கு மாறி ஒரே ஒரு சீசன் ஆடிய ஃபெர்னாண்டோ மென்டோசா, நாட்டின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பையை வென்றார். மாத முடிவில் பேய்லர் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் ஜேம்ஸ் நாஜி சேர்ந்தார். இவர், தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2023 டிராஃப்ட்டில் 31ஆவதாகத் தேர்வாகி, ஐரோப்பாவில் தொழில்முறை ஆட்டம் ஆடியவர்.

“பணம் புகுந்து கல்லூரி விளையாட்டைக் கெடுத்துவிட்டது” என்று பழைய ரசிகர்கள் புலம்புகிறார்கள். அவர்களின் வருத்தம் புரிகிறது. ஆனால் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் கருத்து. பணம் நாற்பது வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஆடுகிறவர்களோடு உட்கார்ந்து பேசி எழுதிய ஒப்பந்தம்தான் இன்றுவரை இல்லை. அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

(இந்தக் கட்டுரையில் ஃபுட்பால் என்பது அமெரிக்கன் ஃபுட்பால்.)

## கல்லூரிக்கு எதற்கு ஒரு லட்சம் இருக்கை?

மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லின் அணி எதற்கும் வழக்கமான இருக்கை எண்ணிக்கை ஒரு லட்சம் கிடையாது. அலபாமா, டென்னசி, ஓஹையோ போன்ற மாநிலங்களில் சனிக்கிழமை கல்லூரி ஆட்டம்தான் ஊர்த் திருவிழா.

இதற்கு ஒரு கட்டமைப்புக் காரணமும் உண்டு. ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகள் பத்து வயதிலேயே பிள்ளைகளை எடுத்துத் தயார் செய்கின்றன. அமெரிக்காவில் அந்த வேலையைப் பல்கலைக்கழகங்கள் செய்கின்றன. உயர்நிலைப் பள்ளி முடித்து மூன்று சீசன் ஆகாமல் என்.எஃப்.எல்.லுக்குள் நுழைய முடியாது. என்.பி.ஏ.வுக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். அதனால் திறமைசாலி ஒருவர் நடுவில் இருக்கும் வருடங்களைக் கழிக்கும் இடம் கல்லூரி. தொழில்முறை அணிகளுக்கு இது செலவில்லாத பயிற்சிக்கூடம்.

இந்த மொத்த அமைப்பையும் நிர்வகித்துவந்தது என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். 1906இல் தொடங்கியது. அரசு அமைப்பு அல்ல. கல்லூரிகளே சேர்ந்து வைத்துக்கொண்ட சங்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

## 1955இல் ஒரு மரணம்

கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்கு ஆடிய ரே டெனிசன், 1955இல் ஆட்டத்தின்போது தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டைத் தனக்கும் தர வேண்டும் என்று அவர் மனைவி கேட்டார். ஃபுட்பால் கல்லூரியின் தொழில் அல்ல, அவர் தொழிலாளியும் அல்ல என்று சொல்லி 1957இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இப்படிப்பட்ட வழக்குகளைக் கண்டு கலங்கிய என்.சி.ஏ.ஏ., அந்தக் காலத்தில்தான் ‘மாணவ விளையாட்டாளர்’ என்ற சொல்லைத் தன் விதிகளெங்கும் புகுத்தியது. மாணவர் என்றால் சம்பளம் இல்லை. படிப்புச் செலவுக்கு உதவித்தொகை மட்டும். அந்த ஏற்பாட்டைக் கட்டிக் காத்த வால்டர் பையர்ஸ், 1951 முதல் 1988 வரை சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு, இது ஆடுகிறவர்களுக்கு அநியாயம் என்று அவரே எழுதினார்.

## தொலைக்காட்சி வந்ததும் கதை மாறியது

எந்த அணியின் ஆட்டம் எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை முன்பு என்.சி.ஏ.ஏ.தான் முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. இது ஏகபோகத் தடுப்புச் சட்டத்துக்கு எதிரானது என்று 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏகபோகத் தடுப்புச் சட்டம் என்றால் என்ன? ஒரே தொழிலில் போட்டியிடுகிறவர்கள் கூடிப் பேசி விலையையோ சம்பளத்தையோ நிர்ணயிக்கக் கூடாது. அவ்வளவுதான். பத்து ஜவுளிக்கடைக்காரர்கள் சேர்ந்து “விற்பனையாளருக்கு இதற்கு மேல் யாரும் தரக் கூடாது” என்று முடிவெடுத்தால் அது குற்றம். இருநூறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து “வீரருக்கு உதவித்தொகைக்கு மேல் யாரும் தரக் கூடாது” என்று முடிவெடுத்தால்? அந்த ஏற்பாடு உச்ச நீதிமன்றத்தில் அடிவாங்க இன்னும் 37 வருடம் ஆனது.

இடைப்பட்ட காலத்தில் பணம் கொட்டியது. பிக் டென் கான்ஃபரன்ஸின் (கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் போட்டி நடத்தும் பல்கலைக்கழக அணிகளின் குழு) இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கும் மேல். ஃபுட்பால் பிளேஆஃபுக்கு மட்டும் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி ஆறு வருடத்துக்கு 780 கோடி டாலர் தருகிறது. பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை 2023இல் டெக்சஸ் ஏ அண்டு எம் வேலையைவிட்டு அனுப்பியபோது, ஒப்பந்தப்படி மீதித் தொகையாக அவருக்குச் சேர வேண்டியிருந்தது சுமார் 7.6 கோடி டாலர். வேலை செய்யாமல் இருப்பதற்கு!

அதே காலத்தில் வீரர்களுக்கு என்ன நடந்தது? 2005இல் ஹெய்ஸ்மன் கோப்பை வென்ற ரெஜி புஷ், ஆடும் காலத்தில் அவரும் குடும்பமும் சலுகைகள் பெற்றார்கள் என்ற குற்றச்சாட்டில் 2010இல் கோப்பையைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. 2024இல்தான் அது அவர் கைக்குத் திரும்பியது. எஸ்.எம்.யு. பல்கலைக்கழகம் வீரர்களுக்குப் பணம் கொடுத்ததற்காக 1987 சீசன் முழுவதையும் ரத்து செய்து தண்டித்தார்கள். அந்த அணி தலைதூக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அதே எஸ்.எம்.யு., 2024இல் ஏ.சி.சி. எனப்படும் அட்லாண்டிக் கரை கான்ஃபரன்ஸில் இடம்பிடிப்பதற்காக ஒன்பது வருட ஒளிபரப்புப் பங்கு வேண்டாம் என்று சொல்லி, வசதிபடைத்த புரவலர்களின் பணத்தை வைத்து நுழைந்து, முதல் வருடமே பிளேஆஃபுக்கும் போனது. ஒரு காலத்தில் திருட்டுத்தனமாகக் கொடுத்த பணம் இன்று வெளிப்படையாகப் புழங்குகிறது. ஆட்டத்தைக் கெடுத்தது பணம்தான் என்றால், அது எப்போதோ கெட்டிருக்க வேண்டும்.

## அணை உடைந்த வரிசை

1. ஓபேனன் வழக்கு. யு.சி.எல்.ஏ.வின் 1995 சாம்பியன் அணியில் ஆடிய எட் ஓபேனன், ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஒரு ஆட்டக்காரரைப் பார்த்தார். அதே உடல்வாகு, அதே எண். கேம் விற்ற பணத்தில் அவருக்கு ஒரு பைசா இல்லை. 2009இல் வழக்குத் தொடுத்தார். 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்.

2. ஆல்ஸ்டன் தீர்ப்பு, 2021. படிப்பு சார்ந்த சலுகைகளுக்குக்கூட உச்சவரம்பு வைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். நீதிபதி பிரெட் கேவனா தனியாக எழுதிய குறிப்பு இன்னும் கடுமையானது. சம்பளம் கொடுக்காததுதான் எங்கள் பண்டத்தின் சிறப்பு என்று சொல்லி வேறெந்தத் தொழிலும் தப்ப முடியாது என்றார். தீர்வாக, வீரர்களோடு கூட்டாகப் பேரம் பேசி ஒப்பந்தம் போடலாம் என்றும் அவரே கோடிகாட்டினார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

3. என்.ஐ.எல்., ஜூலை 1, 2021. தன் பெயர், உருவம், அடையாளம் ஆகியவற்றை வைத்து ஆட்டக்காரரே சம்பாதிக்கலாம் என்ற உரிமை. விளம்பரத்தில் நடிப்பது, கையெழுத்திட்ட சட்டையை விற்பது எல்லாம் இதில் அடங்கும். விளம்பரத்துக்கு என்று ஆரம்பித்தது சீக்கிரமே வேறு பாதையில் போனது. அணியின் புரவலர்கள் ‘கலெக்டிவ்’ என்ற பெயரில் நிதி திரட்டி, விளம்பரம் என்று கணக்கெழுதி, வீரர்களை இழுக்கக் கொடுத்தார்கள்.

4. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். அணி மாற விரும்புகிறவர் பெயரைப் பதியும் இணையப் பட்டியல், 2018இல் வந்தது. முன்பு ஃபுட்பாலிலும் கூடைப்பந்திலும் அணி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும். 2021இல் ஒரு முறை மாறலாம் என்றார்கள். ஓஹையோ உள்ளிட்ட மாநிலங்கள் போட்ட வழக்கு 2023 டிசம்பரில் எஞ்சிய தடையையும் தளர்த்தியது. 2024 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம்.

## ஹவுஸ் ஒப்பந்தம்: இப்போது அமலில் இருப்பது

நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ், கூடைப்பந்து வீராங்கனை செடோனா பிரின்ஸ் ஆகியோர் 2020இல் தொடுத்த வழக்கு, 2025 ஜூன் 6 அன்று சமரசத்தில் முடிந்தது. ஒப்புதல் அளித்தவர் அதே நீதிபதி வில்கன். 2016 முதல் ஆடியவர்களுக்குப் பத்து வருடத்தில் சுமார் 280 கோடி டாலர் பழைய பாக்கி. 2025 ஜூலை 1 முதல் பல்கலைக்கழகமே நேரடியாகத் தன் ஆட்டக்காரர்களுக்குப் பணம் தரலாம். முதல் வருட உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர், அதாவது பெரிய கான்ஃபரன்ஸ் பல்கலைக்கழகங்களின் சராசரி விளையாட்டு வருமானத்தில் 22 சதவீதம். வெளியார் தரும் என்.ஐ.எல். தொகை 600 டாலரை எட்டினால் புதிய ‘கல்லூரி விளையாட்டு ஆணைய’த்திடம் காட்டி, அது உண்மையான விளம்பரம்தானா என்று சரிபார்க்க வேண்டும்.

உதவித்தொகை எண்ணிக்கைக்குப் பதிலாக அணி அளவுக்கு வரம்பு வைத்தார்கள். ஃபுட்பாலுக்கு 105 பேர். உதவித்தொகை இல்லாமல், ஆட்டத்தின் மேல் உள்ள ஆசையால் மட்டும் அணியில் இருந்த பிள்ளைகள் பலருக்கு இதனால் இடம் போனது. அவர்களைப் பாதுகாக்காமல் ஒப்புதல் தர மாட்டேன் என்று வில்கன் 2025 ஏப்ரலில் பிடிவாதமாக நின்றார். கடைசியில், இடம் இழந்தவர்களை வரம்புக் கணக்கில் சேர்க்காமல் அணிகள் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். அணிகள் விரும்பினால் மட்டுமே, கட்டாயம் இல்லை.

சரி, உச்சவரம்பு வந்துவிட்டதே, குழப்பம் தீர வேண்டாமா? தீராது. ஏன் என்று காட்ட இரண்டு வழக்குகள் போதும்.

## கிளாரெட் தோற்றார், பாவியா வென்றார்

ஓஹையோ ஸ்டேட் அணியை 2002 சீசனில் சாம்பியன் ஆக்கியவர்களில் ஒருவர் மோரிஸ் கிளாரெட். மூன்று வருட விதி தன் பிழைப்பைத் தடுக்கிறது என்று என்.எஃப்.எல். மேல் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார். 2004இல் மேல்முறையீட்டில் தோற்றார். தீர்ப்பை எழுதியவர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமேயர். காரணம் எளிமையானது: தொழிற்சங்கத்தோடு கூட்டுப் பேர உறவில் இருக்கும் முதலாளிகள், யார் வேலைக்குத் தகுதியானவர் என்று வைக்கும் விதிகள் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வரும், ஏகபோகத் தடுப்புச் சட்டம் அங்கே நுழையாது.

இருபது வருடம் கழித்து வாண்டர்பில்ட் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டியகோ பாவியா வழக்குப் போட்டார். இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடிய வருடங்களை என்.சி.ஏ.ஏ. தகுதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கேட்டார். 2024 டிசம்பரில் இடைக்கால உத்தரவு அவருக்குச் சாதகமாக வந்தது. 2025 சீசன் முழுக்க ஆடினார். ஹெய்ஸ்மன் வாக்கெடுப்பில் மென்டோசாவுக்கு அடுத்த இடம்.

இரண்டுமே “யார் ஆடலாம்” என்ற விதி பற்றிய வழக்குகள். கிளாரெட்டை எதிர்த்து நின்ற விதிக்குப் பின்னால் ஒரு தொழிற்சங்கம் இருந்தது. பாவியாவை எதிர்த்து நின்ற விதிக்குப் பின்னால், போட்டியாளர்களே சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம் மட்டுமே இருந்தது. (முன்பு மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதைத்தான்.) கையெழுத்துப் போடாத விதியால் பாதிக்கப்படுகிறவர் நீதிமன்றம் போகிறார். உள்ளூர் நீதிபதி தடை கொடுக்கிறார். என்.சி.ஏ.ஏ. விதியைத் தளர்த்துகிறது. அடுத்தவர் இன்னொரு விதியோடு வருகிறார். நாஜி பேய்லருக்கு வந்ததைக் கண்டு ஆத்திரப்படுகிறவர்கள், இந்தத் தொடரின் ஒரு கண்ணியைத்தான் பார்க்கிறார்கள்.

என்.எஃப்.எல்.லில் 2025க்கு ஒரு அணியின் சம்பள உச்சவரம்பு 27.92 கோடி டாலர். டிராஃப்ட் என்பதே, எந்த ஊரில் வேலை பார்ப்பது என்று இளைஞர் தேர்ந்தெடுக்க முடியாத ஏற்பாடு. ஆனாலும் வீரர்கள் சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தம் அதைக் காக்கிறது. பதிலுக்கு வீரர்களுக்கு லீக் வருமானத்தில் ஏறத்தாழ பாதி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் கிடைக்கிறது. கல்லூரிகள் டிராஃப்ட், உச்சவரம்பு, இடமாற்றக் கட்டுப்பாடு ஆகியவற்றின் பலனை மட்டும் கேட்கின்றன. அதற்கான விலையைக் கொடுக்க மனமில்லை. எனக்கு இதில் மிகவும் கோபம் வருவது, பயிற்சியாளர் பாதியில் ஓடினால் “அவருக்கு நல்ல வாய்ப்பு” என்றும், இருபது வயதுப் பையன் மாறினால் “விசுவாசம் இல்லை” என்றும் பேசுவதுதான்.

## பெண்கள் ஆட்டத்தில் இதன் எடை

2024 பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தை, தென் கரோலினா அயோவாவை வீழ்த்தியதை, சராசரியாக 1.89 கோடி பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதியைப் பார்த்தவர்கள் 1.48 கோடி. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் கல்லூரியில் இருக்கும்போதே நைக்கி, கேட்டரேட் விளம்பரங்களில் வந்தார். பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யு.என்.பி.ஏ.வில் முதல் ஆளாகத் தேர்வானதும் அவருடைய முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர்.

அந்தச் சம்பளம் குறைவுதான். ஆனால் அதை மாற்றுவதற்கு ஒரு வழி அங்கே இருக்கிறது. வீராங்கனைகள் சங்கம் 2024 அக்டோபரில் பழைய ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2025 ஜூலையில் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு முன், ‘எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள்’ என்ற வாசகம் போட்ட டி-சர்ட் அணிந்து பயிற்சிக்கு வந்தார்கள். கல்லூரி வீராங்கனைகளுக்கு அப்படிப் பேரம் பேசும் மேஜையே கிடையாது. ஹவுஸ் பழைய பாக்கியில் ஏறத்தாழ 90 சதவீதம் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற 1972 ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டத்துக்கு இது எதிரானது என்று சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள். அவர்களுக்கும் வழக்கு ஒன்றே வழி.

## வெளிநாட்டு மாணவர்கள், தூரப் பயணங்கள்

சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008இல் என்.சி.ஏ.ஏ. டென்னிஸ் ஒற்றையர் பட்டம் வென்றார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உயரம் தாண்டும் வீரர் தேஜஸ்வின் சங்கர், கேன்சஸ் ஸ்டேட்டுக்காக 2018, 2022இல் வென்றார். இன்று இதே வழியில் போகும் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: எஃப்-1 மாணவர் விசாவில் வேலை செய்து சம்பாதிப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பக்கத்து லாக்கரில் இருக்கும் அமெரிக்க மாணவருக்குச் சர்வசாதாரணமான என்.ஐ.எல். ஒப்பந்தம், இவர்களின் விசாவுக்கே ஆபத்தாகலாம். கையெழுத்துக்கு முன் குடிவரவு வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம்.

ஒளிபரப்புப் பணத்துக்காகக் கான்ஃபரன்ஸ்கள் வரைபடத்தையே மறந்துவிட்டன. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024 முதல் அட்லாண்டிக் கரை கான்ஃபரன்ஸில் ஆடுகின்றன. பிக் டென்னில் 18 அணிகள். ஃபுட்பால் அணி சீசனில் நான்கைந்து முறை பறந்தால் போதும். வாரம் இரண்டு ஆட்டம் உள்ள வாலிபால் பெண்களுக்கு மூன்று மணி நேர வித்தியாசத்தைக் கடந்து போய் வந்து, மறுநாள் காலை வகுப்பில் உட்கார வேண்டியிருக்கிறது. இந்த மாற்றங்களை முடிவு செய்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை.

## கூட்டு ஒப்பந்தத்துக்கு என்ன தடை?

1. மத்தியத் தொழிலாளர் வாரியத்தின் அதிகாரம் தனியார் நிறுவனங்களுக்கு மட்டும். பெரிய அணிகளில் பெரும்பாலானவை மாநிலப் பல்கலைக்கழகங்கள். நார்த்வெஸ்டர்ன் ஃபுட்பால் வீரர்கள் சங்கம் வைக்கக் கேட்டபோது, இந்தத் தனியார்-மாநிலக் கலவையைக் காட்டித்தான் 2015இல் வாரியம் ஒதுங்கிக்கொண்டது.

2. வட கரோலினா போன்ற மாநிலங்களில் அரசு நிறுவனங்கள் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போடுவதே சட்டப்படி செல்லாது.

3. கல்லூரிகளின் எதிர்ப்பு. டார்ட்மத் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13க்கு 2 என்று சங்கத்துக்கு வாக்களித்தார்கள். கல்லூரி பேச மறுத்தது. வாரியத்தின் அமைப்பு மாறவிருந்த சூழலில், அந்த வருடத்தின் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றார்கள்.

கல்லூரிகள் விரும்பும் மாற்று வழி, நாடாளுமன்றத்திடம் சட்டப் பாதுகாப்பு வாங்குவது. 2025 ஜூலையில் வந்த ‘ஸ்கோர்’ மசோதா, என்.சி.ஏ.ஏ.வுக்கு ஏகபோகத் தடுப்பு வழக்குகளிலிருந்து பாதுகாப்பு தருவதோடு, ஆட்டக்காரர்களை ஊழியர்களாகக் கருதக் கூடாது என்றும் சொல்கிறது. அதாவது வழக்குப் போடும் உரிமையும் போய்விடும், பேரம் பேசும் மேஜையும் வராது. அது நிறைவேறினால் டெனிசன் குடும்பத்துக்கு 1957இல் சொன்ன பதிலை மத்தியச் சட்டமாகவே எழுதியதாகும். 2025 டிசம்பரில் வாக்கெடுப்புக்கு வரவிருந்த நேரத்தில், ஆதரவு போதாமல் அதை ஒத்திவைத்தார்கள்.

நிர்வாகிகள் பக்கத்திலிருந்தும் வேறு குரல் கேட்கத் தொடங்கியிருக்கிறது. டென்னசி பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் டேனி ஒயிட், கூட்டு ஒப்பந்தம்தான் வழி என்று வெளிப்படையாகப் பேசிவருகிறார். பல்கலைக்கழகங்களுக்குப் பதிலாக ஒரு தேசியத் தனியார் அமைப்பே ஆட்டக்காரர்களின் முதலாளியாக இருந்தால், மாநிலச் சட்டத் தடைகளும் வாரியத்தின் அதிகார வரம்பும் ஒரே நேரத்தில் விலகும் என்பது அந்த யோசனை. அப்படி ஒரு அமைப்பு வந்தால், யாருடைய காப்பீட்டை யார் கட்டுவது, காயத்துக்கு எத்தனை வருடம் சிகிச்சை, வாலிபால் அணியின் பயணத்துக்கு என்ன வரம்பு, எத்தனை முறை அணி மாறலாம் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டியிருக்கும். என்.பி.ஏ.வின் ஒப்பந்தம் பல நூறு பக்கங்கள் ஓடுகிறது. கல்லூரிகள் இன்னும் முதல் பக்கத்தையே எழுதத் தொடங்கவில்லை.